உயிரோடு திரும்பியவரின் வீட்டுக்கும் போக வேண்டும்

எங்கள் திருகோணமலைக் கிராமங்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால், அறிவித்தல் கிடைத்த சிறிது நேரத்திலேயே மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் பந்தல் சாமான்களும் அந்த வளவுக்குள் வந்து இறங்கிவிடும். அயலவர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். முப்பத்தோராம் நாள் கழியும்வரை யாராவது ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டேயிருப்பார். ஆனால் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, வைத்தியசாலையில் காப்பாற்றப்பட்டு உயிரோடு திரும்பி வருகிறவரின் வீட்டுப் படலையை யாரும் திறப்பதில்லை. வீட்டார் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரும் அதை நம்பியதுபோல் இருந்துவிடுகிறது. உயிர்மாய்ப்புத் தடுப்பைப் பற்றி எங்கள் பகுதியில் பேசும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, அந்த மௌனத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும் என்பதே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நாட்டின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அதன் பின்னர் அதிக நச்சுத்தன்மை கொண்ட விவசாய இரசாயனங்களை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. இக்காலத்தில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அநுராதபுர மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சேர்த்து, அவற்றில் ஒரு பகுதியினருக்கு விவசாய இரசாயனங்களை வைத்துப் பூட்டக்கூடிய பெட்டிகளைக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வொன்றில், அந்தப் பெட்டிகளால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை என்று 2017இல் தெரியவந்தது. கடைக்கே வராமல் தடுத்தது உயிரைக் காத்தது. வீட்டுக்குள் வந்த பின்னர் போட்ட பூட்டு காக்கவில்லை.

ஆனால் மரணங்கள் குறைந்த அளவுக்கு மனிதர்களின் துயரம் குறைந்துவிடவில்லை. முன்னர் இறந்துபோயிருக்கக்கூடிய பலர் இன்று பிழைத்து, வைத்தியசாலையிலிருந்து பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ அதே வீட்டுக்கு, அதே கடனுக்கு, அதே சண்டைக்குத் திரும்பி வருகிறார்கள். சட்டமும் வைத்தியமும் அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. அதற்கு அப்பால் ஊருக்குத்தான் பொறுப்பு இருக்கிறது.

அந்தப் பொறுப்பை ஊரால் நிறைவேற்ற முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் கொழும்பும் சென்னையும் இடம்பெற்றிருந்தன. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருடன் வைத்தியசாலையை விட்டுப் போகும் வேளையில் ஒரு மணித்தியாலம் பேசி, அதன் பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை வீட்டுக்குச் சென்றோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தார்கள். முதல் பதினொரு வாரங்களுக்குள் ஐந்து தடவை, பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். 2008இல் வெளியான முடிவுகளின்படி, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 வீதமாக இருந்தது. அந்த ஒன்பது சந்திப்புகளுக்கு விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ தேவைப்படவில்லை.

எங்கள் மாதர் சங்கத்தினரும் சில இளைஞர்களும் சேர்ந்து செய்வதும் இதன் எளிய வடிவமே. வீட்டாரின் சம்மதம் இல்லாமல் போவதில்லை. கூட்டமாகப் போவதில்லை, இருவர், அதிலும் அவர் முன்பே அறிந்தவர்கள், பெண்ணென்றால் பெண்களே போகிறார்கள். படம் எடுப்பதும் வட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதும் முற்றாகத் தடை. "பிள்ளைகளை ஒருக்கால் நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்கும் பழக்கத்தை விடுவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது, ஏனெனில் கேட்பவர் அன்பினால்தான் கேட்கிறார், கேட்கப்படுபவருக்கோ அது இன்னொரு குற்றப்பத்திரிகை. அதற்குப் பதிலாக, "தம்பி, சாகலாம் எண்ட யோசனை இப்பவும் வருதோ?" என்று நேரே கேட்கப் பழகுகிறோம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் தரவில்லை; கேட்கப்பட்டவர்களின் முகத்தில் நான் பெரும்பாலும் கண்டது ஆறுதலைத்தான். 'வருகிறது' என்று பதில் வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். நாம் வைத்தியர்கள் அல்லர் என்பதை மறக்கக்கூடாது.

பொலிஸ் வழக்காகிவிடும் என்ற பயத்தினால் முயற்சியை மறைத்து, சிகிச்சையைத் தாமதப்படுத்தும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இலங்கையில் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை ஒவ்வொரு கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் உரத்துச் சொல்ல வேண்டும். குறிப்பாக மதப் பெரியவர்கள் சொன்னால், பாவம் என்ற சொல்லுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீடுகள் திறக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்பதையும் அவர்கள் அறிவிக்கலாம். இதை வாசிக்கும் உங்களுக்கே அப்படியான எண்ணம் இருந்தால், தயவுசெய்து இன்றே அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள்.

வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தால்தான் காரணங்களும் தெரியவருகின்றன. ஒரே காரணத்தால் யாரும் அந்த நிலைக்கு வருவதில்லை. வாரத் தவணை கட்டும்வரை வாசலில் இருந்து எழும்பாத நுண்கடன் வசூல், வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத மாதங்கள், குடி, அடி, யுத்தத்தில் காணாமற்போன மகனைப் பற்றி இன்னும் பதில் கிடைக்காத தாயின் காத்திருப்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. இவற்றில் பலவற்றை உளவளத்துணை மட்டும் தீர்க்காது. கடன் கணக்கை யாராவது கூட இருந்து பார்த்துக் கொடுத்ததும், பிரதேச செயலகத்துக்கு ஒரு தடவை துணைக்குச் சென்றதும் அந்த மனிதரின் தூக்கத்தை மீட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் யாப்பின்படி, அங்கத்தவர் கட்டும் மாதப் பணத்தை மரணச் செலவுக்கு மட்டுமே எடுக்கலாம். வரும் பொதுக்கூட்டத்தில் அதற்கு ஒரு திருத்தத்தை முன்மொழியவிருக்கிறேன்: அங்கத்தவர் குடும்பத்தில் ஒருவர் உளநல கிளினிக்குக்குப் போய்வருவதற்கும், அவருக்குத் துணையாகச் செல்பவருக்கும் உரிய பஸ் கட்டணத்தை, காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல், பொருளாளர் அந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். வேறு கிராமங்களின் சங்கங்களும் இதைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச விரும்பினால், திருத்த வாசகத்தை அனுப்பித் தருகிறேன்.