பூட்லோடர் மூடி மறைக்கும் பிழைகள்

டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு. அதில் பவர் டொமைன், அதாவது சிப்பில் மின்சாரத்தைச் சேர்ந்தாற்போல் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பகுதி, எழுதுவது பார்வைக்குச் சின்ன வேலை. டொமைனைத் தரும் நோடில் (ஒரு வன்பொருளுக்கான பதிவில்) 'பவர்-டொமைன்-செல்ஸ்' என்று ஓர் எண். அதைப் பயன்படுத்தும் சாதனத்தின் நோடில் 'பவர்-டொமைன்ஸ்' என்று ஒரு வரி. தருவது ஒரே டொமைன் என்றால் எண் 0. பல டொமைன்கள் என்றால் பெரும்பாலும் 1. அப்போது எந்த டொமைன் என்ற வரிசை எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தப்பாக எழுதினாலும் போர்டு பூட் ஆகிவிடும் என்பதுதான் வம்பு. கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் பல டொமைன்களை ஏற்கெனவே ஆன் செய்து விட்டுவிட்டுப் போயிருக்கும். அந்தத் தயவில் டிரைவரும் ப்ராப் ஆகிவிடும், அதாவது சாதனத்தைக் கண்டு வேலையைத் தொடங்கிவிடும். கெர்னல் துவக்கத்தின் கடைசிக் கட்டத்தில், எந்தச் சாதனமும் பயன்படுத்தாத டொமைன்களை ஜென்பிடி (பவர் டொமைன்களைக் கவனிக்கும் கெர்னல் பகுதி) அணைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சீரியல் கன்சோல் ஊமையாகும், அல்லது ரெஜிஸ்டரைத் தொட்டதும் பஸ் அப்படியே நின்றுவிடும். லாகில் கடைசியாகத் தெரியும் டிரைவர்மேல் பழி விழும். பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

பயன்படாத டொமைன்களை அணைக்காதே என்று சொல்லும் 'பிடி_இக்னோர்_அன்யூஸ்டு'வைக் கெர்னல் கட்டளை வரியில் சேர்த்துப் பாருங்கள். கோளாறு போய்விட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு நோடில் பவர்-டொமைன்ஸ் வரி விடுபட்டிருக்கிறது, அல்லது வரிசை எண் மாறியிருக்கிறது. ஒரே குடும்பத்துச் சிப்பிலிருந்து நோடை நகலெடுக்கும்போது இரண்டாவது தவறு சுலபமாக நுழையும். எண்ணை நேரடியாக எழுதாமல், அந்த எண்களுக்குப் பெயர் வைத்திருக்கும் பைண்டிங் ஹெடர் கோப்பில் உள்ள பெயரையே போடுங்கள். தவறைக் கண்டுபிடித்தபின் 'பிடி_இக்னோர்_அன்யூஸ்டு'வை எடுத்துவிடுங்கள். இல்லையேல் வேண்டாத டொமைன்களும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று, பலருக்கும் உறைக்காதது. நோடில் ஒரே டொமைன் இருந்தால் ப்ராபுக்கு முன்பே கெர்னல் தானாக இணைத்துவிடும். இரண்டாவதைச் சேர்த்த கணமே கெர்னல் ஒதுங்கிக்கொள்ளும். 'பவர்-டொமைன்-நேம்ஸ்' பெயர்களைக் கொண்டோ வரிசை எண்ணைக் கொண்டோ டிரைவரே ஒவ்வொன்றையும் இணைக்க வேண்டும். டிவைஸ் ட்ரீயை மட்டும் திருத்தி டிரைவரைத் தொடாமல் விட்டால், அதுவரை ஓடிய சாதனமும் நின்றுவிடும்.

வேலை இல்லாதபோது டொமைன் போகும் குறைமின் நிலையான டொமைன் ஐடில் ஸ்டேட்டில் நேரங்கள் எல்லாம் மைக்ரோ செகண்டில். நுழைய 400, வெளியேற 900 என்றால், குறைந்தபட்சத் தங்கல் நேரத்தை 1300-க்குக் கீழே வைக்காமலிருப்பது நல்லது. லாபம் கிடைக்க அதற்கு மேலும் வேண்டும். சிறிய எண்ணைப் போட்டால் கெர்னல் ஓயாமல் அணைத்து ஏற்றும், மிச்சமாவதைவிடச் செலவுதான் கூடும். இந்த எண்களைப் போர்டில் அளந்தே எழுத வேண்டும்.

கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் 'பிஎம்_ஜென்பிடி_சம்மரி' கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு டொமைனின் நிலையும் அதற்குக் கீழுள்ள சாதனங்களும் தெரியும். சாதனங்கள் எல்லாம் சஸ்பெண்ட் ஆகியும் டொமைன் ஆனிலேயே நின்றால், அதன் துணை டொமைன்களில் ஒன்று இன்னும் அணையவில்லையா என்று முதலில் பாருங்கள்.