கழனிப் பட்டா என் பேருக்கு வந்த கதை

எங்கள் கழனி அணைக்கட்டு பக்கம், 1 ஏக்கர் 40 சென்ட். மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பு, களையெடுப்பு, காய் ஆய்வது எல்லாம் 18 வருஷமாக நான்தான். என் கணவர் இறந்த பிறகு சொட்டுநீர் மானியம் கேட்கப் போனால், முதல் கேள்வியே "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். அவர் பேரும் கொழுந்தனார் பேரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. என் பேர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

இறப்புச் சான்றை வைத்து இ-சேவையில் வாரிசுச் சான்றுக்குப் போட்டோம். மகன் இறந்தால் தாயும் வாரிசு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "எனக்கு எதுக்கு, அவ பேருக்கே எழுதுங்க" என்று மாமியார் சொல்லிவிட்டார், நல்ல மனசு, ஆனால் வாய்ச்சொல் செல்லாது, பத்திரம் பதிய வேண்டும். கொழுந்தனாரோடு பாகப்பிரிவினையையும் சேர்த்தே முடித்தோம். என் மகளுக்கு 18 முடிந்திருந்ததால் அவளும் கையெழுத்துப் போட்டாள். மைனர் பிள்ளைகள் இருந்தால் முதலில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கிணறு. நிலத்தை ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டுக் கிணற்றையும் மோட்டாரையும் மறந்துவிட்டால், சொட்டுநீர்க் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பாதிப் பங்கு, தண்ணீர் விடும் முறை, கிணற்றுக்குப் போகிற வழி, மூன்றையும் எழுத வைத்தேன். பத்திரம் எழுதுகிறவர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

அப்புறம் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனு. சர்வேயர் இரண்டு முறை தேதி சொல்லி வரவில்லை, மூன்றாவது முறை வந்து சங்கிலி பிடித்தபோது வரப்போரப் பனைமரத்தடியில் புதைந்திருந்த பழைய எல்லைக் கல்லை மாமியார்தான் கடப்பாரையால் குத்திக் காட்டினார்.

பட்டா கைக்கு வந்த பிறகுதான் மற்ற கதவுகள் திறந்தன. இரண்டரை ஏக்கருக்குள் இருப்பதால் குறு விவசாயி சான்று கிடைத்தது. அது இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், இல்லாவிட்டால் 75தான். அந்தச் சான்றுக்கு மனு ஏற்றும்போது தொழில் என்ற இடத்தில் இ-சேவைப் பையன் கேட்காமலேயே 'இல்லத்தரசி' என்று அடித்துவிட்டான். என் உள்ளங்கையைக் காட்டி, "தம்பி, விவசாயம்னு போடுப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றினான். நீங்களும் அச்செடுக்கும் முன் திரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்குத் தரும் 6,000 ரூபாய்க்கு 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு பேர் மாறிய நிலம் பொதுவாகச் சேராது, ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. தேதியை மட்டும் பார்த்துவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். களையெடுக்கும் கருவி போன்ற இயந்திரங்களுக்குப் பெண் விவசாயி என்றால் 50 சதவீதம் வரை மானியம் தருகிறார்கள், அதற்கும் பட்டா நம் பேரில் இருக்க வேண்டும்.

குழாய் போட்டு ஒரு போகம் எடுத்தாகிவிட்டது. மோட்டார் மின் இணைப்பு மட்டும் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை அதற்குப் போகிறேன்.