"சத்தம் கேட்கலை சிஸ்டர்" என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது

நர்சிங் சேர்ந்தபோது எனக்கு 17 வயது முடிந்து இரண்டே மாதம். வகுப்பிலேயே சின்னவள் நான்தான். முதல் வருஷத்தில் படிப்புக்குச் செலவழித்த தெம்பைவிட, சின்னப் பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்குச் செலவழித்ததுதான் அதிகம். "புரிஞ்சுதா?" என்று யார் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும். புரிந்ததா இல்லையா என்பதை அப்புறம்தான் யோசிப்பேன்.

அந்தத் தலையாட்டல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் சேர்ந்திருப்பவர்களுக்கு மற்ற எதையும்விட அதுதான் உபயோகப்படும்.

சர்ஜிக்கல் வார்டில் முதல் போஸ்டிங். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவருக்கு மணிக்கு ஒரு தடவை பல்ஸ், பிபி பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். பல்ஸ் எனக்கு நன்றாக வரும். ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன், 124. பிபிக்கு கையில் கஃப் என்ற பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கினேன். ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி ஏற்றினேன், இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை ஏற்றினால் இவளுக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்களே என்று தோன்றியது. சார்ட்டில் 120/80 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் அந்தச் சார்ட்டை எடுத்தார். "பல்ஸ் 124, பிபி 120/80-ஆ?" என்று கேட்டுக்கொண்டே நோயாளியின் நெற்றியைத் தொட்டார். நெற்றி வியர்த்துச் சில்லிட்டிருந்தது. அவர் பார்த்தபோது பிபி 84/50. உள்ளே ரத்தக் கசிவு. அடுத்த அரை மணியில் நோயாளியைத் திரும்பத் தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். ரத்தம் குறையும்போது பல்ஸ் முதலில் ஏறும், பிபி பிறகுதான் விழும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அடிக்கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன்.

சிஸ்டர் கத்தவில்லை. "கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லும்மா, நான் வந்து பார்க்கிறேன். நீ எழுதிட்டா நான் நம்பிடுவேன்ல?" என்றார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஏன் கேட்கவில்லை என்பதையும் அன்றே கண்டுபிடித்தார். ஸ்டெதஸ்கோப்பின் காது முனைகள் மூக்குப் பக்கம் பார்த்தபடி முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். நான் திருப்பி மாட்டியிருந்தேன். போதாக்குறைக்கு, நோயாளியின் உடம்பில் வைக்கும் தலைக்கு இரண்டு பக்கம் உள்ள ஸ்டெதஸ்கோப்பில் எந்தப் பக்கத்தைத் திருகி வைத்திருக்கிறோமோ அந்தப் பக்கம்தான் கேட்கும். காதில் மாட்டியதும் அந்தத் தலையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், 'டொப்' என்று கேட்கும். கேட்காவிட்டால் அந்தத் தலையைத் திருகுங்கள். கஃப் சுற்றும் முன் முழங்கை மடிப்பில் விரல் வைத்து நாடி எங்கே துடிக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு நாடி மறையும்வரை ஏற்றி, அதற்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 என்ற கணக்கில் இறக்க வேண்டும். சரசரவென்று இறக்கினால் முதல் சத்தம் எங்கே வந்தது என்றே தெரியாது. தடித்த கைக்குச் சின்ன கஃப் சுற்றினால் பிபி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

மூச்சு எண்ணுவதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொன்னால் எவரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். பல்ஸ் பார்த்த கையை எடுக்காமல் அப்படியே மார்பு ஏறி இறங்குவதை எண்ணிவிடுங்கள்.

பரீட்சைக்கு வருகிறேன். முதல் வருஷத்தில் பலரும் தடுக்கி விழுவது அனாடமியில். எலும்புப் பெயர்களை வரிசையாக நெட்டுரு போட்டால் இரண்டு வாரம்கூட நிற்காது. ஊசி எங்கே போடுகிறோம், அங்கே எந்த நரம்பைத் தவிர்க்கிறோம் என்று வேலையோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்குத் தங்கியது. ஊசியைப் பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம் ஏன் போடுகிறோம் என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், அங்கே நாம் தவிர்க்கும் சயாட்டிக் நரம்பு மறக்கவே மறக்காது.

மருந்துக் கணக்கு பயமுறுத்தும், ஆனால் சின்ன வகுப்புக் கணக்குதான். கொடுக்க வேண்டிய அளவைக் கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். 375 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி, பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் விடை 7.5 மில்லி. டிரிப் கணக்கில் 1000 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு வரும். மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. ஏன் என்று ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். புள்ளி விஷயத்தில் மட்டும் கருமியாக இருங்கள். 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுத வேண்டும், 5.0 என்று பின்னால் பூஜ்யம் போடக் கூடாது. புள்ளி அழிந்தால் முதலில் எழுதியது 05 ஆகும், இரண்டாவது 50 ஆகிவிடும். மாத்திரை பத்து என்றோ ஊசி ஆறு குப்பி என்றோ விடை வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள், அநேகமாக எங்கோ புள்ளி நழுவியிருக்கும்.

நோயாளிக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதும் கேர் பிளானில் என்னுடைய மார்க் போனது ஒரே தப்பால். நர்சிங் டயக்னோசிஸ் கேட்ட இடத்தில் 'நிமோனியா' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது டாக்டர் எழுதுவது. சளி கட்டியிருப்பதால் மூச்சுப் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாத நிலை, இதுதான் நாம் எழுத வேண்டியது. அதற்குத்தானே நாம் ஏதாவது செய்ய முடியும்!

பிராக்டிகலில் பெரும்பாலும் மார்க் போவது ஆரம்பத்திலேயே. நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்காமல் ட்ரேயைத் தூக்குவது, கை கழுவுவதைப் பத்து நொடியில் முடிப்பது. சோப்புத் தண்ணீரில் 40 முதல் 60 நொடி வேண்டும். பதற்றத்தில் பத்து நொடியே ஒரு யுகமாகத் தெரியும், அதனால் மனசுக்குள் எண்ணுங்கள். வாயால் பதில் சொல்லும் வைவாவில் தெரியாத கேள்வி வந்தால் அடித்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை மருந்தின் டோஸை ஊகித்துச் சொன்னேன். எக்ஸாமினர் அடுத்த பத்து நிமிஷமும் அந்த மருந்தை விடவே இல்லை. "தெரியலை மேடம், கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்மகாலஜி புக்லயோ சீனியர்கிட்டயோ கேட்டுடுவேன்" என்று அடுத்த வருஷம் சொன்னபோது தலையசைத்துவிட்டு வேறு கேள்விக்குப் போனார்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கிடையாது. என்னோடு படித்த ஒருத்திக்குக் கையில் ஊசி குத்திவிட்டது, நோயாளிக்குப் போட்ட ஊசி. திட்டு விழும் என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி குத்தினால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த நிமிஷமே இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவள் இரண்டாம் நாள் ராத்திரி ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

நைட் டூட்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடிகாலை மூன்று மணிக்கு மேல் கண் சொருகும். அந்த நேரத்தில் மருந்து எடுத்தால் லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.

சின்ன வயதால் நஷ்டம் மட்டுமா என்றால், இல்லை. "ஏன் பாப்பா, நீயா ஊசி போடப் போறே?" என்று கேட்டுச் சிரித்த தாத்தா ஒருவர், மூன்றாம் நாள் தலையணை உறையைத் திறந்து காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு மாத்திரைகள். சாப்பிட்டால் தலை சுற்றுகிறதாம், டாக்டரிடம் சொல்லப் பயமாம். "உன்கிட்டன்னா சொல்லலாம்னு தோணிச்சு" என்றார். நான் போய் சிஸ்டரிடம் சொன்னேன், மருந்தை மாற்றினார்கள்.

பாக்கெட்டில் நொடி முள் உள்ள கடிகாரம், இரண்டு பேனா, ஒரு குட்டி நோட்டு போதும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து, வார்டில் புரியாத ஒவ்வொன்றையும் அங்கேயே கிறுக்கி வைத்து, அன்று ராத்திரியே பதில் தேடுங்கள். என் முதல் வருஷ நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் இல்லை. இரண்டு எனக்கு அப்போது கிடைக்கவில்லை, மூன்றாவது என்னவென்று என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.