கொம்பிரசர் வாங்கப் போகிறவர்களுக்கு: எச்பியை விட்டுவிட்டுக் காற்றைக் கேளுங்கள்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் எந்தக் கடைக்குள் போய் "கார் பெயிண்ட் அடிக்க ஒரு கொம்பிரசர் வேணும்" என்று சொன்னாலும், முதலில் வருவது "எத்தனை எச்பி சேர்?" என்ற கேள்விதான், அதாவது மோட்டரின் குதிரைவலு எவ்வளவு என்று. அடுத்தது, தாங்கி எத்தனை லீட்டர் என்பது. இரண்டும் தேவையான கேள்விகள். ஆனால் பெயிண்ட் அடிக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: இந்த இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் காற்றைத் தொடர்ந்து தரும்? இதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் வாங்கிக்கொண்டு வந்தபின் பொனட்டின் நடுவில் காற்று இறங்கி, பெயிண்ட் தூறலாகத் தெறித்து நிற்கிறது.

எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த சிவப்பு நிசான் மார்ச். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடு. வெயிலும் உப்புக்காற்றுமாகச் சேர்ந்து கூரையையும் பொனட்டையும் வெளுக்க வைத்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய காரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதையே பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தால் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற என் கைக்கு அது எட்டாது. காரும் நல்ல கார். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆகவே நானே அடிப்பது என்று முடிவெடுத்தேன்.

கொம்பிரசரைத் தேடுமுன் ஸ்ப்ரே கன்னைத் தெரிவு செய்யுங்கள். காற்றைக் குடிப்பது அதுதான். எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அமுக்கம்) என்று விற்கிற கன்கள் பெயிண்டை வீணாக்காமல் காரின் மேற்பரப்பில் சேர்க்கும், ஆனால் நிமிடத்துக்கு 280 முதல் 400 லீட்டர் வரை காற்று கேட்கும். பெட்டியில் 10 முதல் 14 சிஎஃப்எம் என்று இருக்கும்; ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கன அடி, ஏறத்தாழ 28 லீட்டர். எல்விஎல்பி (குறைந்த காற்று, குறைந்த அமுக்கம்) வகை 110 முதல் 200 லீட்டரோடு வேலை செய்யும். பெயிண்ட் விசிறிபோல விரிவது கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கும், கை மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு காரை வீட்டில் அடிக்கிறவருக்கு எல்விஎல்பி போதும் என்பது என் உறுதியான எண்ணம். நான் வாங்கியது 1.3 மில்லிமீட்டர் முனை உள்ளது, நிமிடத்துக்கு 170 லீட்டர் கேட்பது. பிரைமருக்கு, அதாவது அடிப்பூச்சுக்கு மட்டும் 1.7 முனையுள்ள இன்னொரு சாதாரண கன்.

இனிக் கொம்பிரசர். பெட்டியில் கொட்டை எழுத்தில் "200 லீட்டர்/நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் உருளையின் கனவளவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி எடுத்த கணக்கு. வால்வுகளில் கசிவது, அமுக்கம் ஏற ஏற உருளைக்குள் மிஞ்சி நிற்பது, சூட்டால் விரிவது என்று எல்லாம் போக வெளியே வருவது அதில் அறுபது வீதமளவுதான். மோட்டரோடு பம்ப் நேரே பூட்டிய 2 எச்பி, 24 லீட்டர்ச் சின்ன இயந்திரம் உண்மையில் தருவது நிமிடத்துக்கு 110, 120 லீட்டர். ரயருக்குக் காற்றடிக்க அது தாராளம். பெரும்பாலான எல்விஎல்பி கன்களுக்கே அது காணாது.

உண்மையான அளவைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். வெளிவாயிலை மூடிவிட்டு இயந்திரத்தை ஓட விடுங்கள். அமுக்கமானியின் முள் 4 பாரிலிருந்து (பார் என்பது அமுக்கத்தின் அலகு) 8 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று போனில் பாருங்கள். தாங்கியின் லீட்டரை 4 ஆல் பெருக்கி, எடுத்த நிமிடத்தால் வகுத்தால் விடை. 50 லீட்டர்த் தாங்கி 100 செக்கனில் ஏறினால், 200 லீட்டரை 100 செக்கனில் தள்ளியிருக்கிறது, நிமிடத்துக்கு 120. பள்ளிக்கூடத்தில் படித்த போயிலின் விதிதான், வேறொன்றும் இல்லை. உள்ளே காற்று சூடாக இருப்பதால் உண்மை விடை இதைவிடக் கொஞ்சம் குறையும்; அந்தக் கழிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போன கடையில் நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். "நானா, இதை ஒருக்கா ஓட விட்டுக் காட்ட ஏலுமா? நேரம் பார்க்க வேணும்" என்றேன்.

"அதுக்கென்ன சேர், ஓட விட்டாத்தானே தெரியும்" என்று பையனைக் கூப்பிட்டு வயரைக் கொடுக்கச் சொன்னார். கணக்கைச் சொல்லிக் காட்டியதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மற்ற மாடலையும் தானே ஓட விட்டு, அதன் விடை என்ன என்று கேட்டார். இரண்டிலும் 3 எச்பி என்றே எழுதியிருந்தது. ஒன்று மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காற்றுத் தந்தது. சுழற்சி குறைந்த, பெரிய உருளைகள் கொண்ட பெல்ட் இயந்திரம் அது. சத்தமும் குறைவு. நெருக்கமான ஒழுங்கையில் அயலவர்களோடு வாழ்கிறவர்களுக்கு அதுவும் முக்கியம். அதைத்தான் வாங்கினேன்: இரட்டை உருளை, 100 லீட்டர்த் தாங்கி, அளந்து பார்த்ததில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 230 லீட்டர்.

தாங்கி பெரிதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தாங்கி காற்றை உண்டாக்காது, பற்றாக்குறையைக் கொஞ்ச நேரம் மறைக்கும். 24 லீட்டர்த் தாங்கி 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது வெளியே விடுவது 96 லீட்டர்தான். நிமிடத்துக்கு 340 லீட்டர் குடிக்கும் எச்விஎல்பி கன்னை 110 லீட்டர் தரும் இயந்திரத்தில் பூட்டினால் நிமிடத்துக்கு 230 லீட்டர் பற்றாது. 25 செக்கனில் கதை முடிந்தது. அதே கன்னை என்னுடைய இயந்திரத்தில் பூட்டினால் மூன்றரை நிமிடம் தாக்குப்பிடிக்கும், ஒரு கூரைக்கு அது போதும். 170 லீட்டர்க் கன் என்றால் காற்று இறங்கவே இறங்காது, மோட்டரும் இடைக்கிடை ஓய்வெடுக்கும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2 எச்பி ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் ஃபேஸ்) மோட்டர் சாதாரண 13 அம்பியர் ப்ளக்கில் ஓடும். 3 எச்பி ஓடும்போதே 13, 14 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் பல மடங்கு. அதைச் சமையலறை ப்ளக்கில் குத்தக்கூடாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பு 30 அம்பியர்தான் என்பதால், நான் அடிக்கும் நேரத்தில் வீட்டில் சுடுதண்ணீர் ஹீட்டரும் அயன் பெட்டியும் போடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். நீண்ட மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் விழுந்து மோட்டர் சூடாகும். கொம்பிரசர் தள்ளி இருப்பது இன்னொரு காரணத்துக்கும் நல்லது: அதன் சுவிட்சில் தீப்பொறி வரும், தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். சாமி விளக்கையும் அன்றைக்கு வேலை முடியும்வரை அணைத்துத்தான் வைத்திருந்தோம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கொழும்புக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றி. இங்கே அடிக்கிற பெயிண்ட் பழுதாவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

நம்முடைய காற்று 30 பாகையில், 80 வீத ஈரப்பதனில், ஒரு கனமீட்டருக்கு 24 கிராம் அளவு நீராவியைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு கனமீட்டரை 8 பாருக்கு அமுக்கினால், மானி காட்டும் 8 பாரோடு வளிமண்டலத்தின் ஒரு பாரும் சேர்வதால், அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மறுபடி 30 பாகைக்கு ஆறியபின் அந்தச் சின்னக் கனவளவால் மூன்றரைக் கிராமுக்குக் கிட்டத்தான் ஆவியாக வைத்திருக்க முடியும். மிச்சம் 20 கிராம் தண்ணீராக விழுந்தே ஆக வேண்டும். என் கன் பன்னிரண்டு நிமிடம் அடித்தால் இரண்டு கனமீட்டர் காற்று. அதாவது 40 கிராம் தண்ணீர், இரண்டரை மேசைக்கரண்டிக்கு மேல். கேள்வி ஒன்றுதான்: அந்தத் தண்ணீர் நீங்கள் சொன்ன இடத்தில் விழுமா, பொனட்டில் விழுமா?

கடைகளில் தரும் கண்ணாடிக் கிண்ண வடிகட்டியைத் தாங்கியின் வாயிலேயே பூட்டுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது. சூட்டில் தண்ணீர் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, கன்னுக்குள் துளியாகிறது. முதலில் ஆற வைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும். நான் செய்தது இது: ஏசி பூட்டுகிறவர்கள் பாவிக்கும் செப்புக் குழாயில் ஒரு சுருள் எடுத்து, வளையங்களாக வாளிக்குள் இறக்கி, வாளியில் தண்ணீரும் ஐஸும் போட்டேன். தாங்கியிலிருந்து சுருளுக்கு, சுருளிலிருந்து வடிகட்டிக்கு, அதன்பிறகே அமுக்கத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. 8 பாரில் தண்ணீரைப் பிழிந்துவிட்டு 2 பாருக்கு இறக்கும்போது அதே காற்று மூன்று மடங்கு விரிவதால் அதன் ஈரப்பதன் மூன்றில் ஒன்றாக விழுகிறது. ரெகுலேட்டருக்குப் பின்னால் வடிகட்டியைப் போட்டால் இந்த லாபம் முழுவதும் போய்விடும். வாளியில் சுருள் இருந்த முதல் முறையே வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கன் அடியில் ஒரு சின்ன சிலிக்கா ஜெல் வடிகட்டியும் வைத்தேன்; ஈரம் பட்டால் நிறம் மாறும் அது கடைசிவரை மாறவில்லை.

சுவரோடு நிரந்தரமாகக் குழாய் போட நினைப்பவர்கள் தண்ணீருக்குப் போடுகிற பிவிசி குழாயைப் பாவிக்க வேண்டாம். தண்ணீர்க் குழாய் வெடித்தால் ஒழுகும். காற்று நிறைந்த பிவிசி வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும். செம்பு அல்லது ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) போடுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய கொம்பிரசர் நல்ல விலைக்குக் கிடைக்கும். பம்ப் பழையதென்றால் பரவாயில்லை, திருத்தலாம். தாங்கி பழையதென்றால் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். மண்நிறத் தண்ணீரும் துரும்பும் வந்தால் விட்டுவிடுங்கள்; தகடு உள்ளே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. காஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டிய தாங்கிகளை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வர வேண்டும்.

பெயிண்டில் நான் எடுத்த முடிவைச் சிலர் ஏற்கமாட்டார்கள். கராஜ்களில் இப்போது எல்லாம் டூகே, அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் பெயிண்ட். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அந்தத் தூறலை மூச்சில் எடுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விடாது. கரிக் குப்பி மாஸ்க்கை மட்டும் நம்பி அதை அடிக்க முடியாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆகவே நான் பழைய என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயிண்டையே அடித்தேன். ஆயுள் குறைவு, பொலிஷ் போட்டு மினுக்க வேண்டும், தெரியும். ஆனால் அதில் ஐசோசயனேட் இல்லை; அதன் தின்னர் ஆவிக்குக் கரிக் குப்பி மாஸ்க் போதும். நிமிடக்கணக்கில் காய்வதால் தூசும் கொசுவும் ஒட்ட நேரமில்லை. மட்டக்குளியில் கராஜ் வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர், "வீட்டில அடிக்கிறதெண்டா என்சிதான் சரி தம்பி, வெள்ளை பூக்காமப் பார்த்துக்கொள்ளுங்க" என்றார். ஈரக்காற்றில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, பனி படிந்து, பெயிண்ட் வெள்ளையாகிவிடும். அதற்கு மெதுவாக உலரும் ரிட்டாடர் தின்னரைக் கொஞ்சம் கலக்க வேண்டும்.

நேரமும் அதற்கேற்றபடி. பெப்ரவரி மாதம் எடுத்தேன். விடியற்காலையில் காற்று அசையாது, ஆனால் ஈரம் மிக அதிகம். பின்னேரம் ஈரம் குறைவு, ஆனால் கடற்காற்று மரீன் டிரைவின் தூசை எல்லாம் கொண்டுவரும். பனி வற்றி, கடற்காற்று எழும்புவதற்கு இடையில், பத்து மணி தொடக்கம் பதினொன்றரை வரை ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. அதற்கு முந்தின நாளே உப்புப் போகும்படி சோப்புத் தண்ணீரால் கழுவி, தேய்த்து, மறுபடி கழுவிக் காயவிட்டிருந்தோம். உப்பின் மேலே அடித்த பெயிண்ட் கொப்புளிக்கும்.

அமுக்கத்தைக் கன்னின் விசையை அழுத்திப் பிடித்தபடியே பாருங்கள். சும்மா இருக்கும்போது 2 பார் காட்டுவது விசை அழுத்தியதும் ஒன்றரைக்கு இறங்கும். ஹோஸ் உள்விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் இன்னும் மோசம். 10 மில்லிமீட்டர் ஹோஸ் எடுங்கள், பித்தளை இணைப்புகளின் துளையும் அகலமாக இருக்கட்டும். 230 லீட்டர் தரும் இயந்திரத்தை வாங்கிவிட்டு ஹோஸில் காசை மிச்சம் பிடித்தால் பயனில்லை.

கூரையும் பொனட்டும் முடிந்து பொலிஷும் போட்டாயிற்று, ஒரு குழிகூட இல்லை. பக்கக் கதவுகள் நான்கும் மிச்சம். பம்ப் எண்ணெயை மாற்றி, தாங்கியை வடித்து, வாயிலைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன். பரீட்சை விடைத்தாள்கள் திருத்தி முடிந்ததும், மழை தொடங்குமுன் கதவுகளையும் அடிக்க வேண்டும்.