அம்மாவின் மாத்திரைப் பெட்டியும் நியூயார்க் விமானமும்

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா போயே ஆக வேண்டும். ஜனவரியில் டிக்கெட் போட்டோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேர் விமானம். 71 வயதில் நடுவில் இறங்கி ஏறி அலைய வேண்டாம் என்றுதான் காசைப் பார்க்கவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்த விமானத்தில் சாதாரண எகானமி இருக்கைகளே கிடையாது. 165,000 லிட்டர் எரிபொருள் சுமக்கும் ஏ350-இல் மொத்தம் 161 பேர்தான்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு தூரம்டி? காலை மாத்திரையை எப்போது போடுவது?"

மகனின் உலக உருண்டையை எடுத்து, பூ கட்டும் நூலால் இரண்டு ஊரையும் இழுத்துப் பிடித்தேன். நூல் தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே மேலே ஏறி, உச்சியில் இருக்கும் பித்தளை ஆணியில் போய் இடித்தது. அதாவது வட துருவம். அந்தப் பக்கம் கனடா வழியாக இறங்கினால் நியூயார்க். இரண்டு ஊரும் உலகத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் இப்படி. சுமார் 15,350 கிலோமீட்டர். அம்மா ஆணியைத் தொட்டுப் பார்த்து, "இந்தப் பனிக்கு மேலேயா போகும்?" என்றார்.

போகவில்லை. அன்று வேலைக்கு நடுவே போனில் விமானத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அது வடகிழக்கே திரும்பி, ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக்கின் மேல் போனது. நூல் காட்டியதைவிடத் தூரம் அதிகம்தான். ஆனால் குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்கே பலமான மேல்காற்று அடிக்கும். முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல விமானத்தைத் தள்ளிவிடும். சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம்.

வியாழன் மதியம் 12.30-க்குக் கிளம்பியது, அதே வியாழன் மாலை 6 மணிக்கு இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம். உட்கார்ந்திருந்தது பதினெட்டரை. ஜனவரியில் நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது.

மாத்திரைக்கு டாக்டர் ஒரே வழி சொன்னார்: 24 மணி நேரத்துக்கு ஒன்று, ஊரை மறந்துவிடுங்கள். அம்மாவுக்குக் கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டி. வியாழன் காலை 7 மணிக்கு வீட்டில் போட்டாயிற்று. அடுத்தது இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்ததும். தம்பி போனில் பதறினான், "அக்கா, இன்னைக்கு வியாழன்தானே, அம்மா வெள்ளியைத் திறக்கிறாங்க!" திறக்கட்டும்டா என்றேன். இங்கே எனக்கு வெள்ளி காலை 7 மணி.

அங்கே இருந்த ஐந்து வாரமும் அப்படித்தான், தினமும் மாலை 6 மணிக்கு மறுநாள் அறை.

திரும்பும்போது சனி இரவு புறப்பட்டு, அட்லாண்டிக், ஐரோப்பா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்தது. ஆக அம்மா உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார். இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு அறையைச் சனி மாலையே காலி செய்திருந்தார். திங்கள் காலை 7 மணிக்கு, சாங்கியில் சாமான் வரும் பட்டை பக்கத்தில் நின்றபடியே கைப்பையைத் திறந்து, திங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாராம்.