எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக ஒரு கம்ப்ரசர்

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்ததால் தேறினான். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தான். செய்முறையில் அவன்தான் முதல். படித்து முடித்த பிறகுதான் சிரமம் ஆரம்பித்தது.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ். பள்ளிக்காக வாங்கியதே போதும் என்றிருந்தேன். கற்றல் குறைபாட்டுக்கு 18 வயதில் மறுபடி சோதிக்க வேண்டும், அப்போது தருவதுதான் ஆயுளுக்கும் என்று மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, சோதனைக்காக நாலு முறை அலைந்தோம். ஒரு நாள் கவுண்டரில் இருந்தவர், "கை கால் நல்லாத்தானே இருக்கு, இவனுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். நீங்கள் போகும்போதும் மறக்காமல் அதை எடுத்துப் போங்கள்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அதற்குக் குறைந்தால் அரசு வேலை இட ஒதுக்கீடு கிடையாது. கிடைக்கிற ஒதுக்கீடும் 1 சதவீதம்தான். அதையே ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தனியாரில் தேடினோம்.

முதலில் போன இடத்தில் ஒரு பக்க விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. பாதியிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அடுத்த கம்பெனிக்கு நானே முன்னால் போன் செய்து பேசினேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் விதியைச் சொல்லி வாதாட எனக்கு மனமில்லை. "சார், பேப்பர் வேண்டாம், ஒரு மிஷினைக் கொடுத்துப் பாருங்கள்" என்றேன். சரி, வரச் சொல்லுங்கள் என்றார் மேலாளர்.

எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய ஏசி கம்ப்ரசர் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் மின் இணைப்புக்கு மூன்று முனைகள்: ஸ்டார்ட், ரன், இரண்டுக்கும் பொதுவான காமன். எது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். மகன் மீட்டரை இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தான். ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் காட்டிய இரண்டும் ஸ்டார்ட்டும் ரன்னும், மிச்சமிருப்பது காமன். காமனோடு வைக்கும்போது குறைவாகக் காட்டுவது ரன். மூன்றே நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லி முடித்தான். "எழுத்து இருந்தாலும் நான் மீட்டர்லதான் சார் பார்ப்பேன்" என்றான். மேலாளர் அவன் தோளில் கை வைத்து, "திங்கட்கிழமை வந்துடு தம்பி" என்றார்.

இப்போது ஜாப் கார்டை, அதாவது செய்த வேலையின் விவரத்தை, வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறான். அலுவலகத்தில் ஒருவர் கேட்டுப் பதிந்துகொள்கிறார். முகவரிக்குப் பதில் லொகேஷன் வந்துவிடுகிறது. கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் போட்டிருக்கும் எண் 35ஆ 53ஆ என்று குழம்பினால் போட்டோ எடுத்து ஸ்டோருக்கு அனுப்பிவிடுகிறான். இதிலெல்லாம் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. போன வாரம் இன்னொரு டெக்னீஷியனும் எழுதுவதை விட்டுவிட்டு வாய்ஸில் அனுப்ப ஆரம்பித்துவிட்டாராம்.