வாப்பாவின் கடையில் ஒரு மக்னிட்ரோன்

பெருநாள் விடுமுறைக்குக் காத்தான்குடி வந்த மூன்றாம் நாள். வாப்பாவின் திருத்தக் கடைக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. விளக்கு எரிகிறது, தட்டுச் சுற்றுகிறது, சோறு மட்டும் சூடாகவில்லை. சூடாக்கும் அலையைப் பிறப்பிக்கும் பாகமான மக்னிட்ரோனை வாப்பா கழற்றினார். இரண்டு காந்த வளையங்களில் ஒன்று பிளந்திருந்தது.

"நீ அங்கே செய்வதும் இதுதானே மகன்?"

அங்கே நான் கணினியில் கணித்துப் பார்ப்பது கைரோட்ரோன், இதைவிட மிகக் குறுகிய அலையைப் பிறப்பிக்கும் குழாய். வாப்பா பழைய மக்னிட்ரோன் ஒன்றை அறுத்து மேசையில் வைத்திருக்கிறார். உள்ளே செப்பு வளையம், அதில் தோடம்பழச் சுளைகள்போல அறைகள். அலை செக்கனுக்கு எத்தனை தடவை அதிரும் என்ற மீடிறனை அவற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது: 2.45 ஜிகாஹேர்ட்ஸ், அலைநீளம் 12 சென்ரிமீற்றர். எனக்கு வேண்டியதோ 170 ஜிகாஹேர்ட்ஸ், 1.76 மில்லிமீற்றர். சுளைகளை எழுபது மடங்கு சிறிதாக்கி அதிலிருந்து ஒரு மெகாவாற் கேட்டால் செம்பு உருகிவிடும்.

1960களில் சோவியத் நாட்டின் கோர்க்கி நகர ஆய்வாளர்கள் சுளைகளையே தூக்கி எறிந்தார்கள். கைரோட்ரோனில் இருப்பது வழுவழுப்பான செப்புக் குழாய். மீடிறனைக் காந்தப்புலம் பார்த்துக்கொள்கிறது, அந்தப் புலத்தின் அலகான டெஸ்லா ஒன்றுக்கு 28 ஜிகாஹேர்ட்ஸ். 80,000 வோல்ற்றில் பாயும் இலத்திரன்கள் வேகத்தால் சற்றுக் கனத்துவிடுவதால் 170க்கு ஏறத்தாழ 7 டெஸ்லா தேவை. அந்தக் கனம்தான் சூட்சுமம். அலையிடம் சக்தி வாங்கிய இலத்திரன் கனத்துப் பின்தங்கும், கொடுத்தது முந்தும். இப்படி அவை கூட்டமாகச் சேர்ந்து சுழலும்போது சக்தி அலைக்குப் போகிறது. தெற்குப் பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் அணுப்பிணைவு உலையைச் சூடாக்கப் போகும் வழிகளில் ஒன்று இந்த அலை. அது குழாயை விட்டு வெளியேறும் சன்னல் செயற்கை வைரம். கண்ணாடி வைத்தால் தாங்காது.

என் தொல்லை வேறு. குழாய் 4 சென்ரிமீற்றர் அகலம், அலையோ 2 மில்லிமீற்றர்கூட இல்லை. ஆகவே குழாய்க்குள் அலை எடுக்கக்கூடிய வடிவங்களான அலைக்கோலங்கள் நூற்றுக்கணக்கில் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல முண்டியடிக்கும். நான் அழைத்தது ஒன்றைத்தான். போன மாதம் நான்கு நாட்கள் ஓடிய கணிப்பில் பக்கத்துக் கோலம் வந்து உட்கார்ந்துகொண்டது. கணினியை முறைத்தபடி இருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வாப்பா பழைய பெட்டியில் கிடந்த காந்தமொன்றைத் தேடி எடுத்துப் பொருத்திவிட்டார்.

"உன்னுடையதில் காந்தம் வெடித்தால்?"

"அது மீக்கடத்திக் கம்பிச் சுருள் வாப்பா. திரவ ஹீலியத்தில் குளிர வைப்பது."

"அப்படியென்றால் கல்முனையில் கிடைக்காது."

குவளைத் தண்ணீரை உள்ளே வைத்தார். இரண்டு நிமிடத்தில் கொதித்தது. அதிலேயே எனக்கொரு தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, பற்றுச்சீட்டில் 'காந்தம் – 1' என்று எழுதினார்.